சுவருக்குள்ள போற வயர்: ஹோம் தியேட்டருக்கு எந்த கேபிள், எங்க செருகணும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

ஹோம் தியேட்டர் பத்திப் பேச ஆரம்பிச்சதில் இருந்து எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: எந்த கேபிள் வாங்கலாம்? ராம் முத்துராம் சினிமாஸ்ல ஒரு படம் பார்த்துட்டு, நெஞ்சுல வந்து அடிச்ச அந்த பேஸ் வீட்டுக்கும் வேணும்னு தோணி, இஎம்ஐ போட்டு ஒரு ரிசீவர், அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் வாங்கிடுறாங்க. பில் போடுற நேரத்துல கடைக்காரர் தடிமனா ஒரு கேபிளை எடுத்து மேஜை மேல வைப்பார். தங்க முலாம், துணி சுத்தின உறை, வாட்ச் வர்ற மாதிரி ஒரு பெட்டி. "இவ்வளவு செலவு பண்ணிட்டு கேபிள்ல போய் கணக்குப் பார்க்கலாமா சார்?" அந்த ஒரு வார்த்தையில பில்லுல இன்னும் சில ஆயிரம் ஏறிடும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். கேபிளோட விலை சத்தத்தை மாத்தாது. எந்த போர்ட்ல இருந்து எந்த போர்ட்டுக்குப் போகுது, எவ்வளவு நீளம், உள்ள இருக்கிற உலோகம் என்ன, சுவருக்குள்ள எந்தப் பாதையில போகுது, வீட்டு எர்த் உயிரோட இருக்கா, இதெல்லாம் மாத்தும். இதுல மத்ததை எல்லாம் என்னைக்கு வேணாலும் திருத்திக்கலாம். சுவரைப் பூசிட்டா திரும்பக் கொத்தத்தான் செய்யணும். அதனால இப்போ வீடு கட்டிட்டு இருக்கிறவங்க பூச்சு வேலைக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

எச்டிஎம்ஐ: ஒரு சின்னக் கணக்கு

சோனி, பிலிப்ஸ், பானசோனிக், தோஷிபா, ஹிட்டாச்சி எல்லாம் சேர்ந்து 2002 கடைசியில எச்டிஎம்ஐ-யோட முதல் பதிப்பைக் கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு டிவி பின்னாடி ஒரு கொத்து தொங்கும். படமும் சத்தமும் 19 பின் உள்ள ஒரே கேபிள்ல வந்தது அதுக்கப்புறம்தான்.

இது டிஜிட்டல். உள்ள போறது ஒண்ணும் பூஜ்யமும். அதனால "இந்த கேபிள் போட்டா கறுப்பு இன்னும் கறுப்பாத் தெரியும், குரல் இன்னும் தெளிவாக் கேட்கும்"னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. கேபிள் சரியில்லன்னா படம் மங்காது. திரையில அங்கங்க வெள்ளைப் புள்ளி மின்னும், ரெண்டு செகண்ட் கறுப்பாகித் திரும்ப வரும், இல்லன்னா "நோ சிக்னல்". இந்தத் தொல்லை எதுவும் இல்லன்னா உங்க கேபிள் வேலையை முழுசா செய்யுதுன்னு அர்த்தம்.

அப்போ எவ்வளவு வேகம் தேவை? 4கே திரையில 3840 பெருக்கல் 2160, அதாவது கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி. செகண்டுக்கு 60 தடவை, ஒரு புள்ளிக்கு 24 பிட். இதைப் பெருக்கினா செகண்டுக்கு சுமார் 12 ஜிகாபிட் வரும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் விடுற இடைவெளி, சிக்னலைக் குறியீடாக்க ஆகிற கூடுதல் பிட் எல்லாம் சேர்த்தா 17.82 ஜிகாபிட். "பிரீமியம் ஹை ஸ்பீடு"ன்னு ஒட்டின கேபிள் 18 ஜிகாபிட் தாங்கும். சரியாப் போச்சு.

ஆனா சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம்தான். அதே கணக்குல 4கே படம் 8.91 ஜிகாபிட்ல முடிஞ்சிடுது. பழைய "ஹை ஸ்பீடு" கேபிளே 10.2 தாங்கும். அதாவது உங்க வீட்டு அலமாரியில அஞ்சாறு வருஷமா கிடக்கிற நல்ல கேபிள், 4கே படம் பார்க்க இன்னைக்கும் போதும். ஒரு சிக்கல், பல ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கும் செட்டாப் பாக்ஸும் எல்லாத்தையும் 60-க்கு மாத்தித்தான் வெளிய தள்ளும். செட்டிங்ஸ்ல "மேட்ச் ஃப்ரேம் ரேட்" மாதிரி ஒண்ணு இருந்தா ஆன் பண்ணுங்க. கேபிளுக்குப் பாரம் குறையும், படத்தோட அசைவும் தியேட்டர்ல பார்த்த மாதிரி இருக்கும்.

120 ஃப்ரேம்ல கேம் ஆடுறவங்களுக்கு மட்டும் 48 ஜிகாபிட் தாங்குற "அல்ட்ரா ஹை ஸ்பீடு" வேணும். பிளேஸ்டேஷன் 5 வாங்கினவங்களுக்கு அது பெட்டியிலயே வந்திருக்கும். அதைத் தூக்கிப் போட்டுட்டு வெளிய வாங்கினதை மாட்டுறவங்களை நான் பார்த்திருக்கேன்.

பெட்டியில "2.1 கேபிள்"னு எழுதியிருந்தா நம்பாதீங்க. 2.0, 2.1 எல்லாம் டிவி, ரிசீவர் மாதிரி கருவிகளோட பதிப்பு எண். கேபிளுக்கு எண் கிடையாது, இப்போ நான் சொன்ன பெயர்கள்தான். பிரீமியம், அல்ட்ரா ரெண்டுலயும் ஸ்கேன் பண்ற மாதிரி ஒரு சான்று ஸ்டிக்கர் இருக்கும். கடையில நின்னே போன்ல ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாம்.

எந்த போர்ட்?

எனக்கு வர்ற புகார்ல பெரும்பகுதி இங்கதான் தீருது. "எல்லாம் மாட்டியாச்சு, சத்தம் டிவியிலதான் வருது, ரிசீவர்ல வரல." நான் கேட்கிற முதல் கேள்வி: டிவியில எந்த ஓட்டையில செருகியிருக்கீங்க?

டிவி பின்னாடி மூணு நாலு எச்டிஎம்ஐ இருக்கும். ஒண்ணே ஒண்ணு பக்கத்துலதான் ஏஆர்சி அல்லது ஈஏஆர்சின்னு சின்னதா எழுதியிருக்கும். மத்தது எல்லாம் உள்ள வர்ற வழி மட்டும். இந்த ஒண்ணு மட்டும் சத்தத்தை வெளியவும் அனுப்பும். டிவியிலயே இருக்கிற ஆப்ல படம் பார்க்கிறவங்களுக்கு இதுதான் உயிர்நாடி. 2009-ல வந்த 1.4 பதிப்புலதான், அதுவரைக்கும் ஒதுக்கி வச்சிருந்த 14-ஆவது பின்னை இந்த வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. ரிசீவர் பக்கம் டிவிக்குப் போற அவுட் போர்ட்லயும் அதே எழுத்து இருக்கணும்.

செருகிட்டா மட்டும் போதாது. டிவி செட்டிங்ஸ்ல சிஇசி ஆன் ஆகணும். இதுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு செல்லப் பேர் வச்சிருக்கு: சாம்சங்ல எனிநெட் பிளஸ், எல்ஜியில சிம்ப்ளிங்க், சோனியில பிராவியா சிங்க். அப்புறம் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட் "பிசிஎம்"ல இருந்தா ரெண்டே சேனல்தான் போகும். அஞ்சு ஸ்பீக்கர் வாங்கி வச்சுட்டு ரெண்டைக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. அதை "ஆட்டோ" இல்ல "பாஸ் த்ரூ"வுக்கு மாத்துங்க.

ஈஏஆர்சி இல்லாத டிவியை மாத்தணுமான்னு கேட்கிறவங்களுக்கு: ஓடிடி மட்டும்தான் பார்க்கிறீங்கன்னா வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் அனுப்புற டால்பி அட்மாஸ் அதிகபட்சம் 768 கிலோபிட். சாதாரண ஏஆர்சி கிட்டத்தட்ட ஒரு மெகாபிட் கொண்டு போகும். அட்மாஸை வெளிய அனுப்புற டிவியா இருந்தா அதுவே போதும். ஈஏஆர்சி 37 மெகாபிட் வரைக்கும் போகும், ஆனா அது தேவைப்படுறது ப்ளூரே டிஸ்க்ல இருக்கிற சுருக்காத ஒலிக்கு. அந்த ப்ளேயரை நேரா ரிசீவர்ல மாட்டிட்டா அங்கயும் ஈஏஆர்சி தேவையில்ல.

ஆப்டிகல் பத்தி ஒரு வரி. தோஷிபா 1983-ல கொண்டு வந்தது, நுனியில சிவப்பா வெளிச்சம் தெரியும். 5.1 டால்பி டிஜிட்டல் வரைக்கும் போகும், அட்மாஸ் போகாது. பழசுன்னு தள்ளிடாதீங்க, இரைச்சல் பத்திப் பேசும்போது திரும்ப வருவான்.

கொடை மைக் செட்டும் ஸ்பீக்கர் வயரும்

நம்ம ஊர்ப்பக்கம் கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுறதைப் பார்த்திருப்பீங்க. பனைமரத்துல, கரண்ட் கம்பத்துல, தெருமுனையில குழாய் ஸ்பீக்கர். ஆம்ப்ளிஃபயர் கோயில் பந்தல்ல. நடுவுல அரை கிலோமீட்டர் வயர், அதுவும் நூல் மாதிரி மெல்லிசா. ஆனா கடைசிக் குழாயிலயும் சத்தம் காதைக் கிழிக்கும். அப்போ உங்க ஹால்ல பத்து மீட்டருக்கு ஏன் தடிமனான வயர் வேணும்?

காரணம் வோல்டேஜ். அகுஜா மாதிரி மைக் செட் ஆம்ப்ளிஃபயர் பின்னாடி 100 வோல்ட் லைன்னு ஒரு டெர்மினல் இருக்கும். 50 வாட் அனுப்ப அதுல அரை ஆம்பியர் போதும். குழாய் பக்கத்துல ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக் கொடுக்கும். உங்க வீட்டு ரிசீவர் நேரா 8 ஓம் ஸ்பீக்கரை ஓட்டுது. அதே 50 வாட்டுக்கு 20 வோல்ட், 2.5 ஆம்பியர். கரண்ட் அஞ்சு மடங்கு. வயர்ல வீணாகிறது கரண்டோட வர்க்கத்துல ஏறும், அதனால 25 மடங்கு. ஊருக்குக் கரண்ட் கொண்டு வர்ற பெரிய டவர் லைன்ல வோல்டேஜை ஏத்தி வைக்கிறதும் இதே காரணத்துக்குத்தான்.

எவ்வளவு தடிமன்? வயரோட மொத்த ரெசிஸ்டன்ஸ் ஸ்பீக்கர் ஓம்ல 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. 8 ஓமுக்கு அது 0.4. பத்து மீட்டர் தூரம்னா போக வர இருபது மீட்டர் செம்பு. அரை ஸ்கொயர் எம்எம் வயர்ல 0.69 ஓம் வரும், தேறாது. ஒரு ஸ்கொயர் எம்எம்ல 0.34, பாஸ். ஒன்றரையில 0.23, தாராளம். 4 ஓம் ஸ்பீக்கரா இருந்து தூரமும் அவ்வளவுன்னா ரெண்டரை போடுங்க. அதுக்கு மேல போறது எலெக்ட்ரிக்கல் கடைக்காரருக்கு நீங்க குடுக்கிற மொய்.

இப்போ உலோகம். செம்பு மாதிரியே மினுமினுக்கும் சிசிஏ-ன்னு ஒண்ணு சந்தையில ஓடுது, அலுமினியத்துக்கு மேல செம்பு பூசினது. தாமிரம்னு பேர் வச்ச ஆத்தங்கரையில உட்கார்ந்துக்கிட்டு அலுமினியத்தைச் செம்புன்னு வாங்கலாமா? ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. நேர்மையாச் சொன்னா, ஒன்றரை ஸ்கொயர் எம்எம் சிசிஏ-யும் பத்து மீட்டருக்கு அந்த 0.4-க்குள்ளதான் நிக்கும், பாட்டு பாடத்தான் செய்யும். பிரச்சினை ரெண்டு வருஷம் கழிச்சு. முறுக்கின இடத்துல இழை பட்டுனு உடையும், பூச்சு உரிஞ்ச இடத்துல அலுமினியம் காத்துப் பட்டு வெளுத்துப் பொடியாகும். சுவருக்குள்ள போறதுக்கு அது ஆகாது. கண்டுபிடிக்க ஒரு பிளேடு போதும். ஒரு இழையைச் சுரண்டுங்க, உள்ள வெள்ளையாத் தெரிஞ்சா கடைக்காரர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க. காயிலைக் கையில தூக்கினாலே பாதி தெரிஞ்சிடும். அலுமினியத்தோட எடை செம்புல மூணுல ஒரு பங்குகூட இல்ல.

நான் வழக்கமாச் சொல்ற வழி: ஸ்பீக்கர் வயர்னு பேர் போட்டதைத் தேடாதீங்க. ஜங்ஷன் பக்கம் எந்த எலெக்ட்ரிக்கல் கடைக்கும் போய், ஐஎஸ் 694 முத்திரை உள்ள வீட்டு வயர், ஒன்றரை ஸ்கொயர் எம்எம், சிவப்புல ஒரு காயில், கறுப்புல ஒரு காயில் கேளுங்க. ஒரு காயில் 90 மீட்டர் வரும். ரெண்டையும் சேர்த்து முறுக்கினா அருமையான ஸ்பீக்கர் வயர். எலெக்ட்ரீஷியனுக்குப் பழக்கமான பொருள், நிறத்தை வச்சு பிளஸ் மைனஸும் குழம்பாது. ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் பிளஸ் மைனஸ் மாறிட்டா பேஸ் காணாமப் போயிடும், வசனம் எங்க இருந்து வருதுன்னே தெரியாது. நிறைய பேர் ரூமைக் குறை சொல்றது இதுக்குத்தான். சுவருக்குள்ள போனதும் குழப்பம் வராம இருக்க, ரெண்டு முனையிலயும் "பின் இடது", "பின் வலது"ன்னு பேப்பர் டேப்புல எழுதி ஒட்டிடுங்க. அப்புறம் பிளக் பாயிண்ட் வயர்னு நினைச்சு யாரும் 230 வோல்ட்டைக் கொடுத்துடாம இருக்கவும் அந்தச் சீட்டுதான் காவல்.

முக்கால் இஞ்ச் பைப்

சித்தப்பா கே.டி.சி. நகர்ல வீடு கட்டுறாங்க. ஹால்ல ஒரு புரொஜெக்டர் மாட்டணும்னு ஆசை. வயரிங் எடுத்த அண்ணாச்சி கெட்டிக்காரர், முப்பது வருஷ அனுபவம். எல்லா இடத்துக்கும் போட்ட மாதிரி டிவி சுவர்லயும் முக்கால் இஞ்ச் பைப்பைப் போட்டுட்டார். நான் போன அன்னைக்கு மறுநாள் பூச்சு.

"அண்ணாச்சி, இதுக்குள்ள எச்டிஎம்ஐ போகாதே."

"வயரு எம்புட்டு தடி தம்பி? சுண்டு விரல் அளவுகூட இருக்காதே. தாராளமாப் போவும்."

வயர் போகும், தலை போகாது. எச்டிஎம்ஐ-யோட உலோக நாக்கே 14 மில்லிமீட்டர் அகலம். மேல இருக்கிற பிளாஸ்டிக்கோட சேர்த்தா ரெண்டு சென்டிமீட்டர் வரும். முக்கால் இஞ்ச் பைப் வெளியளவே 20 மில்லிமீட்டர்தான், உள்ள இன்னும் குறைவு. கரண்ட் வயர் மாதிரி வெட்டி இழுத்துட்டு அப்புறம் தலை மாட்டுற வேலை இதுல நடக்காது. கையில இருந்த கேபிளைக் கொடுத்தேன். பைப் வாயில வச்சுப் பார்த்தவர், "ஆமா, இது பாம்பு இல்ல, ஓணான்"னார். அப்புறம் ரெண்டு இஞ்ச் கேட்டதும், "டிவிக்குத்தானே போடுதோம், தண்ணி டாங்குக்கா?"ன்னும் கேட்டார். சித்தப்பாதான், "அவன் சொல்லுத மாதிரியே போட்டுருவோம் அண்ணாச்சி, நாளைக்குச் சுவரை உடைக்க முடியாதுல்லா"ன்னு முடிச்சு வச்சாங்க.

டிவிக்குப் பின்னாடி இருந்து கீழ அலமாரி வரைக்கும் நேரா ஒரு ரெண்டு இஞ்ச் பைப். புரொஜெக்டருக்கு மேல சீலிங் ஓரமா ஒண்ணு. வளைவுல எல்போ வைக்கக் கூடாது, நீளமா வளையுற பெண்டுதான். ஒரு நைலான் கயிறை உள்ள விட்டு ரெண்டு பக்கமும் கட்டி வச்சிடணும், அடுத்த கேபிளை இழுக்க. நாலரை இஞ்ச் சுவர்ல இவ்வளவு ஆழம் கொத்தக் கூடாது, சுவர் பலம் போயிடும். அங்க ஃபால்ஸ் சீலிங் வழியாவோ வெளிப்பக்கமா ஒரு கேசிங் வச்சோ கொண்டு போங்க. அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்ல.

கரண்ட் வயர் போற பைப்புல இந்த வயர் எதையும் சேர்க்கக் கூடாது. இடம் இருக்குன்னு சேர்த்து விடுறவங்க உண்டு. இன்சுலேஷன் எங்கயாவது சிராய்ச்சா 230 வோல்ட் நேரா ரிசீவருக்கும், அதைத் தொடுற கைக்கும் வரும்.

புரொஜெக்டருக்கு 12 மீட்டர். செம்பு எச்டிஎம்ஐ-க்கு முழு வேகத்துல அவ்வளவு மூச்சு கிடையாது; சான்று பெற்ற அல்ட்ரா கேபிள் பொதுவா 5 மீட்டர் வரைக்கும்தான் கிடைக்கும். அதுக்கு மேல ஆப்டிகல் ஃபைபர் எச்டிஎம்ஐ. ரெண்டு தலையிலயும் சிப் இருக்கு, வழி ஒருவழிப் பாதை. ஒரு தலையில சோர்ஸ், இன்னொண்ணுல டிஸ்ப்ளேன்னு எழுதியிருக்கும். மாத்தி இழுத்துட்டா படமே வராது. அதனால இழுக்கிறதுக்கு முன்னாடி தரையில விரிச்சுப் போட்டு ரெண்டு பக்கமும் மாட்டி, ஒரு பாட்டு முழுக்க ஓட்டிப் பாருங்க. கூடவே ஒரு கேட் 6 லேன் வயரும் இழுத்து விடுங்க. விலை அதிகமில்ல, ஹால் ஓரத்துல வைஃபை தடுமாறும்போது உங்களை வாழ்த்தும்.

பைப்பைத் தரைக்கடியில போடலாமான்னு ஒரு பேச்சு வந்தது. தூரம் குறையும், செலவும் குறையும். நான் வேண்டாம்னுட்டேன். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை பக்கம் வீட்டுக்குள்ள வந்தது. அதுல சிக்கின ஒரு நண்பரோட வீட்டுல தண்ணி வடிஞ்சு, சேத்தை அள்ளி, டிவியையும் மேல தூக்கி வச்சதால காப்பாத்திட்டாங்க. ஆனா தரைப் பைப்புல போன ஸ்பீக்கர் வயர் ஒரு மாசத்துல பச்சை பூத்துடுச்சு. பல இழை சேர்ந்த வயர்ல, நனைஞ்ச முனையில இருந்து தண்ணி விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி உள்ளயே ஏறும். பைப் முழுக்க வண்டல், வயரை வெளிய இழுக்கவும் முடியல. கே.டி.சி. நகர் ஆத்துல இருந்து தள்ளிதான் இருக்கு, இருந்தாலும் சீலிங் ஓரமாப் போற பைப்புக்கு ஆகிற கூடுதல் செலவு சில நூறு ரூபாய். ஆத்துப் பக்கம் இருக்கிறவங்க பிளக் பாயிண்ட், ரிசீவர் வைக்கிற தட்டு ரெண்டையும் அந்த வருஷம் தண்ணி நின்ன அடையாளத்துக்கு மேல வச்சுக்கிடுங்க.

ம்ம்ம்ம்ம்

எல்லாம் மாட்டி ஆன் பண்ணினா ஸ்பீக்கர்ல "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல். இது 50 ஹெர்ட்ஸ் கரண்டோட குரல். பெரும்பாலும் டிஷ் கேபிளோ, மூணு பின் பிளக் உள்ள கம்ப்யூட்டரோ, சப்வூஃபரோ வழியா எர்த்துக்கு ரெண்டு பாதை உண்டாகி, அந்த வளையத்துல கரண்ட் ஓடுறதால வர்றது. சோதிக்கிறது சுலபம்: டிவிக்கு வர்ற டிஷ் வயரைக் கழட்டுங்க. இரைச்சல் நின்னா ஆள் சிக்கியாச்சு.

இங்கதான் ஆபத்தான ஒரு வைத்தியம் ஊர் முழுக்கச் சுத்துது. பிளக்கோட தடிச்ச பின்னை, அதாவது எர்த் பின்னை, உடைச்சு விடுறது. இல்ல ரெண்டு பின் அடாப்டர்ல மாட்டுறது. இரைச்சல் நிக்கும், உண்மைதான். அன்னைக்கு ராத்திரி உள்ள ஒரு வயர் கழண்டு பெட்டியோட உலோகத்தைத் தொட்டா, ஃபியூஸ் போகாது, எம்சிபி விழாது, அந்தப் பெட்டி 230 வோல்ட்டோட சும்மா உட்கார்ந்திருக்கும். உங்க வீட்டுக் குழந்தை தொடுற வரைக்கும். இதைச் செய்யச் சொல்ற எந்த வீடியோவையும் மூடிடுங்க.

சரியான வழி ரெண்டு. சிஸ்டம் மொத்தத்தையும் ஒரே பாயிண்ட்ல இருந்து, நல்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு வழியா எடுங்க. எர்த் எல்லாருக்கும் ஒரே இடத்துல கிடைச்சா வளையம் சுருங்கும். அதுலயும் நிக்கலன்னா, டிவியில இருந்து ரிசீவருக்கு வர்ற சத்தத்தை ஆப்டிகல்ல எடுங்க. அது பிளாஸ்டிக் இழை, வெளிச்சம் மட்டும்தான் போகும், கரண்டுக்கு வழியே கிடையாது. அட்மாஸ் போயிடும், அமைதி கிடைக்கும். எனக்குன்னா அமைதியையே எடுப்பேன்.

இதுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை பழைய வீடுகள்ல. பாயிண்ட்ல மூணு ஓட்டை இருக்கும், எர்த் வயர் உள்ள இருக்காது. இருந்தாலும் கோடையில எர்த் குழி காஞ்சு கிடக்கும். டிவி பின்னாடி எச்டிஎம்ஐ உலோகத்தைத் தொட்டா சுறுசுறுன்னு எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கா? பவர் சப்ளையில இருக்கிற சின்ன கெப்பாசிட்டர் வழியா கசியுற கரண்ட் அது, போக இடம் இல்லாம நிக்குது. ஆளை ஒண்ணும் செய்யாது. ஆனா ரெண்டு கருவியும் ஆன்ல இருக்கும்போது எச்டிஎம்ஐ-யைச் செருகினா, அந்த கரண்ட் மெல்லிய சிப் வழியாப் பாய்ஞ்சு போர்ட்டையே கொன்னுடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, கழட்டி மாட்டினேன், போச்சு"ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேரோட கதை இதுதான். எச்டிஎம்ஐ-யைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பிளக்கை உருவிடுங்க, ரிமோட்ல ஆஃப் பண்ணினா பத்தாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை மீட்டர் வச்சு அளக்கச் சொல்லுங்க. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடா இருந்தா, அடுத்த ஸ்பீக்கருக்கு முன்னாடி அதை வாங்குங்க.

கடைசியா மின்னல். சித்திரையில சாயங்காலம் மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கிட்டு இடிக்கும், ஐப்பசியில வடகிழக்கு மழையோட இன்னொரு சுத்து. இடி கேட்டதும் டிவி பிளக்கை உருவுற பழக்கம் எல்லா வீட்டுலயும் இருக்கு. மொட்டை மாடியில இருந்து வர்ற டிஷ் வயரை மட்டும் யாரும் கழட்டுறதில்ல. மின்னல் பக்கத்துல எங்கயாவது விழுந்தா அந்த வயர்ல ஏறுற வோல்டேஜ் செட்டாப் பாக்ஸுக்கு வரும், அங்க இருந்து எச்டிஎம்ஐ வழியா டிவி, ரிசீவர்னு வரிசையாப் போகும். பிளக் உருவியிருந்தும் போர்ட் போனதுக்கு அதுதான் வழி. ஃபைபர்ல இன்டர்நெட் வாங்கினவங்களுக்கு இந்தக் கவலை குறைவு. மத்தவங்க வானம் இருட்டும்போதே பிளக்கை உருவுற கையோட டிஷ் வயரையும் திருகிக் கழட்டிடுங்க. இடி தலைக்கு மேல வந்துட்டா அந்த வயர்ல கையே வைக்காதீங்க, போனாப் போகுது.

அடுத்த எபிசோடுல டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள நம்ம ஹால்ல எதிரொலியை எப்படிக் குறைக்கிறதுன்னு பேசலாம். வீட்டுல ஒரு பழைய ஜமுக்காளம் இருந்தா தூக்கிப் போடாம வைங்க. வாரேன்.